வால்வு ஃப்ளிப்-ஃப்ளாப்: அதிர்வெண்ணை இரண்டால் வகுக்கும் சுற்று

வால்வு (வெற்றிடக் குழாய்) காலத்தில் அதிர்வெண்ணை வகுக்க இரண்டு வழிகள் பெரிதும் புழங்கின. ஒன்று, இரு நிலைகளுக்கிடையே தானாக மாறிமாறி ஓடும் மல்டிவைப்ரேட்டர் என்ற சுற்றை, உள்ளே வரும் துடிப்புகளால் இழுத்துப் பிடிப்பது. 31,250 ஹெர்ட்ஸை நான்கு கட்டங்களில் ஐந்தைந்தாக வகுத்தால் 625 வரி டிவிக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் சப்ளை சற்றே மாறினாலும் ஒரு கட்டம் நான்கிலோ ஆறிலோ போய் நின்றுவிடும். மற்றது, எக்கிள்ஸும் ஜோர்டனும் 1918இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஃப்ளிப்-ஃப்ளாப்: இரண்டு நிலைகளில் ஒன்றில் நின்று, துடிப்பு வந்தால் மட்டும் மற்றதற்கு மாறும் சுற்று. இதற்குச் சொந்த வேகமே கிடையாது. வந்த துடிப்பை எண்ணும், அவ்வளவுதான். முதல்முறை கட்டுபவர்கள் இதையே எடுங்கள்.

ஒரு கட்டத்துக்கு ஒரு 12ஏயு7 போதும்; ஒரே கூட்டில் இரண்டு வால்வுகள் அதில் உண்டு. ஒவ்வொன்றிலும் ஹீட்டர் சூடாக்கும் கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு எலெக்ட்ரான்கள் பாயும்; நடுவிலுள்ள கிரிட் அதைக் கட்டுப்படுத்தும். 4, 5 பின்களை இணைத்து, அவற்றுக்கும் 9க்கும் இடையே 6.3 வோல்ட் ஹீட்டர் கொடுங்கள். சப்ளை 200 வோல்ட். ஒவ்வொரு பிளேட்டுக்கும் (1, 6) 22 கிலோ ஓம், 2 வாட். இரு கேத்தோடுகளையும் (3, 8) சேர்த்து 4.7 கிலோ ஓம் வழியாகத் தரைக்கு. அதற்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட். ஒவ்வொரு பிளேட்டிலிருந்தும் எதிர்ப்பக்க கிரிட்டுக்கு (2, 7) 220 கிலோ ஓம், அதற்கு இணையாக 47 பைக்கோஃபாரட். ஒவ்வொரு கிரிட்டிலிருந்தும் தரைக்கு 47 கிலோ ஓம்.

அந்தச் சின்ன 47 பைக்கோஃபாரட்டை விட்டுவிடாதீர்கள். துடிப்பு விழும் கணத்தில் இரு பக்கமும் அணைந்திருக்கும். எந்தப் பக்கத்தில் முன்பு மின்னோட்டம் ஓடியது என்ற நினைவு அந்தக் கண்டென்சர்களின் மின்னூட்டத்தில்தான் இருக்கிறது. அவை இல்லையென்றால் சுற்று எந்தப் பக்கம் விழும் என்று சொல்லவே முடியாது.

உள்ளீடு 47 பைக்கோஃபாரட், 500 வோல்ட் கண்டென்சர் வழியாக ஒரு முனைக்கு வரும். அம்முனை 100 கிலோ ஓம் மூலம் சப்ளையோடு இணைந்திருக்கும். அங்கிருந்து பிளேட்டுக்கு ஒன்றாக இரண்டு டயோடுகள், ஆனோடு பிளேட் பக்கம். இறங்கும் விளிம்பு மட்டுமே இவற்றைத் தாண்டும்; ஒவ்வொரு இறக்கத்துக்கும் சுற்று ஒரு முறை பக்கம் மாறும்; அதனால்தான் இரண்டு முறைக்கு ஒரு முறை வெளியீடு கிடைக்கிறது. 1என்4148 போடாதீர்கள்: ஏறும் விளிம்பில் 240 வோல்ட் வரை எதிர்த்திசையில் விழும், அது தாங்காது. யுஎஃப்4007 தாங்கும்.

கட்டி முடித்ததும் 10 மெகா ஓம் மீட்டரால் அளந்து பாருங்கள். கேத்தோடில் சுமார் 27 வோல்ட், ஓடும் பிளேட்டில் 70, அணைந்த பிளேட்டில் 185. இரு பிளேட்டும் சமமாக இருந்தால் குறுக்கு இணைப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. கைவைக்கும் முன் சப்ளையை அணைத்து, வடிகட்டிக் கண்டென்சர்களை வடியவிடுங்கள்.

அசையாமல் நின்றால் முதலில் உள்ளீட்டைச் சந்தேகியுங்கள். 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை நேராகக் கொடுத்தால், 100 வோல்ட் உச்சம் இருந்தாலும் முனையில் 0.15 வோல்ட்தான் தெரியும். ஷ்மிட் டிரிக்கரால் (மெதுவாக மாறும் அலையைக் கூர்மையான விளிம்புகளாக்கும் சுற்று) சதுரமாக்கி, 60 வோல்ட்டுக்குக் குறையாத கூர்மையான இறக்கமாகக் கொடுங்கள். பலன் வரட்டும் என்று உள்ளீட்டுக் கண்டென்சரை 470 ஆக்கினால் இன்னும் கெடும். எழ வேண்டிய பிளேட்டை அது கீழேயே அழுத்திப் பிடித்திருக்கும்.

ஒரே பக்கம் சாய்ந்துகொண்டால் 220 கிலோ ஓம் இரண்டையும் கழற்றி அளந்து பாருங்கள். பழைய கார்பன் வகை மதிப்பு ஏறிப்போயிருக்கும். அவை சரியாக இருந்தால் வால்வைச் சந்தேகியுங்கள். ஹீட்டர் எரிய, மின்னோட்டம் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்த பக்கத்தின் கேத்தோடில் ஒரு தடைப்படலம் வளரும். கணினிகளுக்கென்றே இந்தக் குறை தணித்துச் செய்த 5963, அதே சாக்கெட்டில் மாற்றமின்றி உட்காரும்.