ஒரே கோப்பில் நாற்பது கைகள்: வகுப்பறையிலும் நூலகத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில், கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் மாணவர்கள் கேட்டு வந்த சொற்களை, பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய இணையச் செயலியான கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பாகத் திரட்டிக்கொண்டிருந்தபோது நானும் உடனிருந்தேன். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று சொற்கள் ஏறிக்கொண்டே வந்தன. பத்து நிமிடத்தில் பாதிப் பட்டியலைக் காணோம். யாரோ அந்தப் பகுதியைத் தெரிவு செய்து ஒரு விசையைத் தட்டிவிட்டார்கள். யார் என்று பார்த்தால், திரையின் மேல் ஓரத்தில் ஒரு மாணவரின் பெயர்கூட இல்லை. கணக்கில் நுழையாமல் வருபவர்களுக்குச் செயலி தானே சூட்டும் விலங்குப் பெயர்கள்தாம் வரிசையாக நின்றன.

கோப்பைத் திறந்தபோதே, இணைப்பு கிடைத்த எவரும் திருத்தலாம் என்று அனுமதி கொடுத்ததுதான் அங்கே நடந்த தவறு. யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் பதிப்பு வரலாற்றைத் திறந்து பழைய நிலைக்குத் திரும்ப முடிந்ததால் பட்டியல் மீண்டது. ஆனால் எந்தச் சொல்லை யார் கொண்டுவந்தார் என்பது மீளவில்லை, ஏனெனில் கணக்கின்றி எழுதிய எல்லாரையும் அந்த வரலாறு ஒரே பெயரின் கீழ் அடைத்துவிடுகிறது. பள்ளி வழங்கும் கணக்கு இருந்தால் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே அனுமதி கொடுப்பதே சரி. இல்லாதபோது ஆசிரியர்கள் மாணவரின் வீட்டில் இருக்கும் கைபேசியை நம்புகிறார்கள். அது பெரும்பாலும் அப்பாவின் கைபேசி. அவரோடு கடலுக்குப் போயிருக்கும். (ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரரின் கைபேசி வீட்டில் இருக்கும்; ஆனால் அப்போது பள்ளி விடுமுறையை நெருங்கிவிடும்.) நம் நாட்டில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கூகுள் கணக்கைத் தாமே வைத்துக்கொள்ள முடியாது என்பதால், வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்கு தொடங்கச் சொல்வதும் கூடாது. சிறு வகுப்புகளில் ஒரு குழுவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எழுதுபவரின் வரிசை எண்ணை இடச் செய்தாலே போதும்.

அடுத்தது, எல்லாரையும் ஒரே பக்கத்தில் எழுத விடுவது. கூகுள் டாக்ஸ் ஒரே நேரத்தில் நூறு பேர் வரை திருத்த இடம் கொடுக்கிறது என்பதற்காக நாற்பது பேரையும் இறக்கிவிட்டால், வேகமாகத் தட்டச்சு செய்யும் நான்கு பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் அம்புக்குறிகள் ஓடுவதை வேடிக்கை பார்ப்பார்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு, ஒருவர் எழுதியதை மற்றவர் நேராக அழித்துத் திருத்துவதால் வருகிறது. மீன் பெயர்ப் பட்டியல் ஒன்றில் ஒரு மாணவி ‘சூடை’ என்று எழுதியிருந்தார். வேறூர் மாணவர் ஒருவர் அதை அழித்துவிட்டுச் ‘சாளை’ என்று மாற்றினார். இரண்டும் ஒரே மீனா, நெருங்கிய இரு வகையா, ஊருக்கு ஊர் பெயர்தான் மாறுகிறதா என்று வகுப்பு விவாதித்திருக்க வேண்டிய இடம் அது. ஒரு சொல் சத்தமில்லாமல் மறைந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை. ‘பரிந்துரை’ முறையில் வைத்திருந்தால் பழைய சொல்லும் புதிய சொல்லும் சேர்ந்தே தெரியும், மாற்றியவர் காரணத்தைக் கருத்தாக எழுதலாம், ஏற்பதா என்பதை வகுப்பு முடிவு செய்யலாம். கூட்டாக எழுதுவதன் பயன் இதில்தான் இருக்கிறது என்பேன். ஆனால் பல ஆசிரியர்கள் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை.

எழுத்துருச் சிக்கலையும் முன்கூட்டியே தீர்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளையோ கட்டுரையையோ அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பின்பே பகிர வேண்டும்.

நூலகக் கணினியில் செய்யும் பிழைகள் வேறு வகையானவை. வெளியேறாமல் எழுந்து போனவரின் கணக்கில் அடுத்து வருபவர் எழுதினால், வரலாற்றில் பொய்யான பெயர் பதிவாகிவிடும். மழைக்காலத்தில் இணையம் அறுபடும் என்று எண்ணி, குரோம் உலாவியில் இணையமின்றித் திருத்தும் வசதியை முன்பே இயக்கி வைப்பது சொந்தக் கணினிக்கு நல்ல யோசனை. பொதுக் கணினியில் அதைச் செய்தால் கோப்பின் நகல் அங்கேயே தங்கிவிடும்.

மாணவர்களின் முழுப்பெயர், முகம், அப்பாவின் படகு எண், கைபேசி எண் ஆகியவற்றைப் பேட்லெட் போன்ற பொது இணையப் பலகையில் ஒட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது.

கடைசியாக, கோப்பு யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஆசிரியர் தம் சொந்தக் கணக்கில் தொடங்கிய கோப்பு, அவர் மாறுதலாகிப் போகும்போது அவரோடு போய்விடுகிறது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் நீக்கவும் கூடும். ஆண்டு முடிவில் ஒரு நகல் எடுத்துப் பள்ளி நூலகத்தில் வைப்பது எளிது. ஆனால் நகலோடு பதிப்பு வரலாறு வராது. ஆகவே நகல் எடுப்பதற்கு முன்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதைக் கொண்டுவந்த மாணவரின் வரிசை எண்ணையும், சொன்னவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் அந்தப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.