காலையில் செல்ஃப் எடுக்காத பழைய டிராக்டர்: புது பேட்டரி வாங்கும் முன்

பழைய டிராக்டர் வைத்திருக்கும் பலர் அதை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். பழைய டீசல் என்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்ட் தேவையில்லை. அதனால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறாதது பகலெல்லாம் தெரியவே தெரியாது. கடைசியில் பழி பேட்டரி மேல் விழும். நானும் அப்படித்தான் புதுசு வாங்கிப் போட்டேன்; மூன்றே வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர், கொஞ்சம் உப்புத்தாள் போதும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இங்கே சொல்வது 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரி நெகட்டிவ் வண்டி பாடியோடு சேர்ந்திருப்பது), ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) உள்ள வண்டிகளுக்கு. ஊரில் ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். ஆனால் தனி கட்-அவுட் பெட்டியோடு வரும் நிஜ டைனமோ வேறு கதை.

முதலில் கண்ணால் பாருங்கள். ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல உள்ளே போகலாம், அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள். டெர்மினலில் பூத்திருந்தால் ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பக்கத்தில் பீடி வேண்டாம்; பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல் பேட்டரியை அளந்தால் 12.6 இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ். 12-க்குப் பக்கம் வந்துவிட்டால் வெளியே சார்ஜ் ஏற்றிய பிறகே மேலே போங்கள்.

அப்புறம் சாவியைப் போட்டு சார்ஜ் லைட்டைப் பாருங்கள். எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். பல மாடல்களில் அந்த பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜும் நிற்கலாம்.

இப்போது என்ஜினைக் கொஞ்சம் ஏற்றி ஓடவிட்டு பேட்டரியில் அளங்கள். துண்டு, லுங்கி நுனி பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 13.8 முதல் 14.4 வரை வந்தால் சரி. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரில் கோளாறு, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். எனக்கு வந்தது 13.0. ஏறுகிற மாதிரியும் இருக்கிறது, ஏறாத மாதிரியும் இருக்கிறது!

இந்த இடத்தில்தான் பலர் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே அளங்கள். 0.3-க்கு மேல் காட்டினால் அந்த ஒயரிலோ இணைப்பிலோ கோளாறு. அடுத்து ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, இங்கே 0.2-க்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் 1.1! முந்தின கோடையில் பெயின்ட் அடித்தபோது பிராக்கெட் உட்காரும் இடத்திலும் பூசியிருந்தார்கள். ஆல்டர்னேட்டர் 14.1 கொடுத்தும் எர்த் வழியில் 1.1 போய்விட்டது. உப்புத்தாளால் தேய்த்து, தனியாக ஒரு எர்த் ஒயர் போட்டதும் பேட்டரியில் 14 வந்தது.

போல்ட்டுக்கும் ஆல்டர்னேட்டர் பாடிக்கும் நடுவிலேயே 14 வரவில்லையென்றால் கார்பனோ (உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை) ரெகுலேட்டரோ போயிருக்கும், கடைக்குக் கொண்டுபோங்கள். ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி சோதிக்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம், ஆல்டர்னேட்டருக்குள் கரண்ட்டை ஒரே பக்கமாக விடும் டையோடு எரிந்துவிடும்.

எல்லா அளவும் சரி, ஆனாலும் விடிந்தால் பேட்டரி காலி என்றால், வண்டியை நிறுத்திவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைக் கோர்த்துப் பாருங்கள். லேசாக எரிந்தாலும் எங்கோ கரண்ட் கசிகிறது. பல்பை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, மறுபடி கோர்த்தால் எரியவில்லையா? உள்ளே டையோடு போயிருக்கிறது.