சைக்கிளில் சென்றவர்மீது கார் மோதினால்: முதல் மணி நேரத்திலிருந்து தீர்ப்பாயம் வரை

என் தாய்மாமா அதிகாலையில் பால் ஊற்றிவிட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தபோது, சாலையோரம் நின்றிருந்த காரின் வலப்பக்கக் கதவு சட்டெனத் திறந்தது. கதவின் விளிம்பு முழங்காலில் இடித்து அவரை நடுச்சாலைக்குத் தள்ளியது. மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில், "என்ன ஆச்சு?" என்று மருத்துவர் கேட்டபோது, பதற்றத்தில் இருந்த மாமாவின் மகன் சொன்னது ஒரே வரிதான்: "சைக்கிள்ல இருந்து கீழ விழுந்துட்டார் சார்." அந்த வரி அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறியது. பின்னாளில், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்தில், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை முழுவதும் அந்த ஒரு தாளைத்தான் கையில் வைத்திருந்தார்.

இழப்பீட்டு வழக்கை நீதிமன்றத்தில் நடக்கும் வாதம் மட்டுமே தீர்மானிப்பதில்லை. முதல் இரண்டு நாட்களில் யார் யாரோ எழுதிய தாள்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்பதை அந்த வழக்கில்தான் கற்றுக்கொண்டேன். அந்தத் தாள்களை எப்படிச் சரியாக உருவாக்குவது என்பதை, தமிழ்நாட்டில் இதை முதன்முறையாகச் சந்திக்கும் ஒருவருக்காக வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஓர் அடிப்படை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மிதித்து ஓட்டும் சைக்கிள் ஒரு மோட்டார் வாகனம் அல்ல. அதற்கு ஓட்டுநர் உரிமம், பதிவு, காப்பீடு எதுவும் தேவையில்லை. ஆகவே மோதிய காரின் ஓட்டுநர் "உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதா?" என்று அதட்டினால் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. மாறாக, பொதுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சட்டத்தின் 146-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. சைக்கிளில் சென்றவரே அந்த மூன்றாம் நபர். இதற்கு மறுபக்கமும் உண்டு: சைக்கிள்காரர் ஒரு பாதசாரியை இடித்துவிட்டால், காயம்பட்டவர் மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்குச் செல்ல இயலாது, சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

படி 1: சம்பவ இடத்தில்

உயிர்தான் முதலில். 108-ஐ அழையுங்கள், தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-ம் உண்டு. காவல்துறை உட்பட எல்லா அவசர உதவிக்கும் 112. தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று "ஒண்ணும் இல்ல, நான் போயிக்கிறேன்" என்றாலும் அனுப்பிவிடாதீர்கள். மண்டையோட்டுக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டுப் பிறகு வாந்தியாகவும் மயக்கமாகவும் வெளிப்படக்கூடும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள், காயம்படாத ஒருவர் காரின் பதிவெண்ணைப் படம் எடுக்க வேண்டும். அதைச் செய்ய முடியாவிட்டால் எண்ணைத் தொலைபேசியில் உரக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். அதன்பின் சைக்கிளைப் படம் எடுங்கள். பலர் இதைத் தவறவிடுகிறார்கள், வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாளே கடையில் சரிசெய்தும் விடுகிறார்கள். பின்சக்கரத்தின் வளையமும் மட்கார்டும் நசுங்கியிருந்தால் கார் பின்னாலிருந்து மோதியது என்பதற்கு அதுவே சாட்சி. முன்சக்கரமும் ஃபோர்க்கும் வளைந்திருந்தால் அது வேறு கதையைச் சொல்லும். காரின் எந்த மூலையில் சைக்கிளின் பெயின்ட் ஒட்டியிருக்கிறது, சக்கரத் தடம் எங்கே தொடங்குகிறது, தெருவிளக்கு எரிந்ததா என்பவற்றையும் படங்களில் பதிவுசெய்யுங்கள். வழக்கு முடியும்வரை சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

"பேசித் தீர்த்துக்கலாம்ணே" என்று ஓட்டுநர் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டும் தருணமும் இதுதான். அடி எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியாத நேரத்தில் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, "எனக்கு எந்தப் புகாரும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடுவது என் பார்வையில் மிக மோசமான முடிவு.

உதவி செய்ய நினைக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தின் 134-ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படியோ சாட்சியாக வரும்படியோ கட்டாயப்படுத்த முடியாது.

படி 2: மருத்துவமனையில்

இங்கேதான் நிதானம் தேவை. விபத்து வழக்குகளில் அவசரப் பிரிவு மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று அழைத்து வந்தவரிடமோ காயமுற்றவரிடமோ கேட்டு எழுதும் வரி அது. "இன்று காலை ஆறு மணியளவில் இன்ன சாலையில் சைக்கிளில் சென்றபோது, இன்ன எண்ணுள்ள கார் பின்னாலிருந்து மோதியது" என்பதுபோல நேரம், இடம், வாகனம், மோதிய விதம் ஆகிய நான்கையும் தெளிவாகச் சொல்லுங்கள். வண்டி எண் தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத கார்" என்றாவது சொல்ல வேண்டும். காவல் நிலைய அலைச்சலுக்குப் பயந்து "வழுக்கி விழுந்தார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். சைக்கிள் விபத்தில் இது இரட்டிப்பு ஆபத்து, ஏனெனில் சைக்கிளிலிருந்து ஒருவர் தானாகவே விழுவதும் அன்றாடம் நடப்பதுதான்.

செலவைப் பற்றி: தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவிக்கை செய்த திட்டமோ, விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையைப் பணம் கட்டாமல் பெற வழிசெய்கிறது. சேர்க்கும்போதே இத்திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 3: காவல் நிலையத்தில்

நம் ஊர்க் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தால் 'சி.எஸ்.ஆர்.' என்ற ரசீது தருவார்கள். அதை வாங்கியதும் வேலை முடிந்தது என்று பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டுமே. முதல் தகவல் அறிக்கை அல்ல. உங்களுக்குத் தேவை எண்ணிட்ட முதல் தகவல் அறிக்கையின் நகல், அதைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம். சென்னை போன்ற மாநகரங்களில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு கையாள்வதால், எந்த நிலையம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173-ஆம் பிரிவு இரண்டு வசதிகளைத் தருகிறது. எல்லை எதுவாக இருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையெனில் நீதித்துறை நடுவரிடம் செல்லலாம்.

எந்தப் பிரிவுகளில் வழக்கு பதிகிறது என்பதையும் பாருங்கள். அஜாக்கிரதையாக ஓட்டியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 281, காயம் ஏற்படுத்தியதற்கு 125(அ), கொடுங்காயத்துக்கு 125(ஆ), உயிரிழப்புக்கு 106(1). எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ அது கொடுங்காயம். எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்த பிறகும் வழக்கு சாதாரணக் காயமாகவே நின்றால், மருத்துவ அறிக்கையோடு எழுத்துபூர்வமாக மனு கொடுத்துப் பிரிவை மாற்றச் சொல்லுங்கள்.

அருகிலுள்ள கடைகளின் கேமரா பதிவுகள் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாக அழிந்து மறுபதிவாகிவிடும். அவற்றைக் கைப்பற்றும்படி ஆய்வாளருக்கு முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: காப்பீடு இருக்கிறதா என்று பார்ப்பது

மத்திய அரசின் எம்பரிவாகன் கைபேசிச் செயலியில் வண்டி எண்ணை இட்டால் காப்பீடு எந்த நாள் வரை செல்லும் என்பது தெரியும். விபத்து நாளில் அது நடப்பில் இருந்ததா என்பதே கேள்வி. ஓட்டுநருக்குச் செல்லத்தக்க உரிமம் இல்லாத பல வழக்குகளில், நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடப்பட்டிருக்கிறது; எனவே அதைக் காரணம் காட்டினால் மனம் தளர வேண்டாம். காப்பீடே இல்லையென்றால் சுமை முழுவதும் உரிமையாளர்மீதும் ஓட்டுநர்மீதும்தான்.

மோதிவிட்டு நிற்காமல் போய், வண்டி கடைசிவரை அடையாளம் காணப்படாவிட்டால் வழி வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின் கீழ் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கான விண்ணப்பம் நீதிமன்றத்துக்கு அல்ல, வருவாய்த் துறை அலுவலருக்குச் செல்லும்.

படி 5: இழப்பீட்டு மனு

2022 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிகளின்படி, வழக்கை விசாரிக்கும் காவல் அதிகாரி விபத்தைப் பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், இடைக்கால அறிக்கையை 50 நாட்களுக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள முடியும். ஆனாலும் அதை நம்பிக் காத்திருக்காமல், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின் கீழ் நீங்களே மனு தாக்கல் செய்வது நல்லது. சட்டம் சொல்லும் காலம் விபத்திலிருந்து ஆறு மாதம். அந்த வரம்பை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன என்றாலும், அவற்றை நம்பித் தாமதிக்க வேண்டாம்.

மனுவை விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் போடலாம். சென்னையில் இது சிறுவழக்குகள் நீதிமன்ற வளாகத்தில் நடக்கிறது. நீதிமன்ற வட்டாரத்தில் இந்த இழப்பீட்டு மனுவை 'எம்.சி.ஓ.பி.' என்பார்கள். முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, சம்பவ இட வரைபடம், மருத்துவ ரசீதுகள், வருமானச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள்.

தொகை எப்படி வருகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். 42 வயதான, மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் ஒரு சுயதொழில்காரர், முழங்கால் மடங்காததால் தன் வேலைத்திறனில் 20 சதவீதத்தை இழந்தார் என்று வையுங்கள். 2017-ஆம் ஆண்டு பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி எதிர்கால வருவாய்க்காக 25 சதவீதம் கூட்டினால் மாதம் 18,750, ஆண்டுக்கு 2,25,000. 2009-ஆம் ஆண்டு சரளா வர்மா வழக்கின் அட்டவணையில் 41 முதல் 45 வயதுக்கான பெருக்கி, அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 14. பெருக்கினால் 31,50,000, அதில் 20 சதவீதம் 6,30,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம் ஆகியவை தனியே சேரும். மருத்துவக் குழு எழுதித் தரும் உடல் ஊனச் சதவீதமும், நீதிமன்றம் கணக்கில் கொள்ளும் வேலைத்திறன் இழப்பும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். அதே முழங்கால் கணக்கருக்கு ஒரு இழப்பு, சைக்கிளில் பால் ஊற்றுபவருக்கு வேறோர் இழப்பு.

ஓட்டுநரின் தவறை நிரூபிக்க இயலாத நிலையில் அதே சட்டத்தின் 164-ஆம் பிரிவு உண்டு: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் 166-இன் கீழான மனு செல்லாததாகிவிடும்; வழக்கறிஞரோடு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையெனில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவச உதவி கிடைக்கும்.

சைக்கிள்காரரின் பங்கு என்ற கேள்வி

பெரிய வண்டிக்காரர்மீதே எப்போதும் தவறு என்பது தெருவில் பேசும் நியாயம். தீர்ப்பாயம் அப்படிப் பார்ப்பதில்லை. எதிர்த்திசையில் வந்தது, பார்க்காமல் குறுக்கே திரும்பியது, இருட்டில் விளக்கின்றி வந்தது போன்றவை நிரூபணமானால், உங்கள் பங்கை 20 சதவீதம், 30 சதவீதம் என்று கணித்துத் தொகையில் கழித்துவிடும். டைனமோ விளக்கு இல்லாமலும் டபுள்ஸ் அடித்தும் போனால் போலீஸ்காரர் பிடிப்பார் என்ற பயம் ஒரு தலைமுறைக்கு முன் இருந்தது. அந்தப் பயம் போனபோது விளக்கும் போய்விட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிவப்புப் பின்விளக்கு, உயிரைக் காப்பதோடு வழக்கிலும் உங்கள் பக்கம் நிற்கும்.

காரில் இருப்பவர்களுக்கு

மோதிவிட்டால் நிறுத்த வேண்டும், காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு. கூட்டம் தாக்கிவிடும் என்ற அச்சம் நியாயமாக இருந்தால், நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சென்று தகவல் கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே சொல்லுங்கள்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார், சைக்கிள்கள் கடந்து செல்வதும் அந்தப் பக்கமே. கதவை வலக்கையால் திறக்காமல் இடக்கையை நீட்டித் திறந்து பாருங்கள். தோளும் முகமும் தாமாகவே பின்பக்கம் திரும்பும்; கண்ணாடியில் தெரியாமல் நெருங்கிவிட்ட சைக்கிள் அப்போது கண்ணில் படும்.