காரில் அவசரகாலப் பொருட்கள்: எந்தப் பை, எந்தப் பெட்டி, எங்கே வைப்பது?

பெரும்பாலானோர் முதலில் பையை வாங்கிவிட்டு, அதற்குள் எதைத் திணிப்பது என்று பிறகு யோசிக்கிறார்கள். அதனால்தான் பாதிப் பேரின் டிக்கியில் காலி இடம் நிறைந்த பெரிய பையோ, ஜிப் மூட முடியாமல் பிதுங்கும் சின்னப் பையோ கிடக்கிறது. பை வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

படி 1: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை எப்போது, எங்கிருந்து எடுப்பேன்?

முதல் குவியல், சீட்டில் உட்கார்ந்தபடியே எடுக்க வேண்டியவை: சீட் பெல்ட் வெட்டும் கத்தி, கண்ணாடி உடைக்கும் கருவி, சிறிய டார்ச். இரண்டாவது, காரை விட்டுப் போகாதவை: ஜம்பர் கேபிள் (பேட்டரி இறங்கினால் இன்னொரு காரின் பேட்டரியோடு இணைக்கும் வயர்), எச்சரிக்கை முக்கோணம், இழுவைக் கயிறு, காற்றடிக்கும் பம்ப். மூன்றாவது, காரை விட்டுவிட்டு நடக்க நேர்ந்தால் தோளில் போக வேண்டியவை: தண்ணீர், உலர் உணவு, முதலுதவி, மழைக்கோட்டு, போர்வை, விசில்.

மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பின்னாலிருந்து வண்டி மோதி டிக்கி நசுங்கினால், உள்ளே இருக்கும் பெல்ட் கத்தியால் யாருக்கு என்ன பயன்?

படி 2: கைக்கெட்டும் பொருட்கள்

இவற்றுக்குப் பை வேண்டாம். வெல்க்ரோ பட்டை உள்ள ஒரு சின்ன பவுச் போதும். பெல்ட் போட்டிருக்கும் நிலையிலேயே கை எட்டும் இடத்தில் கட்டுங்கள். கதவுப் பள்ளத்தில் சும்மா போட்டுவைத்தால் மோதலில் பறந்துவிடும். ஏர்பேக் விரியும் இடங்களில் எதையும் மாட்டாதீர்கள்.

கண்ணாடி உடைக்கும் கருவி, சூடாக்கிக் கெட்டியாக்கிய டெம்பர்டு கண்ணாடியைத்தான் நொறுக்கும். இரண்டு அடுக்கு ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியிடம் அதன் பாச்சா பலிக்காது. இன்றைய கார்களில் முன் கண்ணாடி லேமினேட்டட்தான். சில கார்களில் பக்கக் கண்ணாடிகளும் அப்படியே இருக்கும். கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருப்பதை இன்றே படித்துப் பாருங்கள்.

படி 3: காரோடு இருப்பவற்றுக்குப் பெட்டி

ஜம்பர் கேபிளின் உலோகப் பற்கள் துணிப்பையைக் குத்திக் கிழிக்கும். அதனால் இந்தக் குவியலுக்கு மூடி பூட்டும் தடித்த பிளாஸ்டிக் பெட்டி நல்லது. உயரமானது வேண்டாம், அகலமாக, தாழ்வாக இருக்கட்டும். உயரமான பெட்டி வளைவில் கவிழும், அடியில் உள்ளதை எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டிவரும். முக்கோணம் எப்போதும் மேலே.

பெட்டியைக் கட்டாமல் விட்டால் அதுவே ஆபத்து. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் 0.1 வினாடியில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பொருளைப் பிடித்து நிறுத்த அதன் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசை வேண்டும். 5 கிலோ பெட்டி என்றால் 70 கிலோ இழுப்பு. வலைப்பை இதைத் தாங்காது. டிக்கித் தரையில் உள்ள உலோக வளையங்களில் பக்கிள் ஸ்ட்ராப் போட்டு, பின் சீட்டின் முதுகோடு ஒட்டி இறுக்குங்கள். ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் ஆட்களுக்கும் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. அங்கே இது இன்னும் முக்கியம்.

படி 4: தோளில் போகும் பை

இப்போதுதான் அளவு. மூன்றாவது குவியலை ஓர் அட்டைப் பெட்டியில் நெருக்கமாக அடுக்கி, நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 40 × 30 × 20 என்றால் 24 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் சுமார் 29; 30 லிட்டர் பை சரி. அதைவிடப் பெரிதாக வாங்காதீர்கள், காலி இடம் இருந்தால் அதை நிரப்பும் ஆசை தானாக வரும்.

பிறகு எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கூடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். மொத்தம் உங்கள் உடல் எடையில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நடக்கலாம். 60 கிலோ உள்ளவருக்கு 9 கிலோ. தோளில் ஒற்றைப் பட்டை போடும் டஃபிள் பை வேண்டாம். குழந்தையைத் தூக்கவோ டார்ச் பிடிக்கவோ இரு கைகளும் வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை: 600 டீனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) பாலியஸ்டர் அல்லது அதற்கு இணையான நைலான். தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில், பெட்டி வடிவில் தைத்து நடுவே X போலக் குறுக்கே போட்ட தையல் இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் முதலில் பிரிவது அங்கேதான். ஜிப்பை மூலையில் வேகமாகத் திருப்பிப் பாருங்கள், சிக்கினால் விட்டுவிடுங்கள். உள்ளே பாலியூரிதேன் பூச்சு இருந்தால் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரியும். அதை நம்பாமல், உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டு அதற்குள் அடுக்குங்கள்.

படி 5: வெப்பத்தை நினைத்து அடுக்குங்கள்

வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும். டிக்கி அடிப்பகுதி டாஷ்போர்டைவிடக் குளிர்ச்சி. பவர் பேங்க், ஸ்பிரே டப்பா, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஆகிய மூன்றையும் காரில் நிரந்தரமாக வைக்காதீர்கள். கிளம்பும்போது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டரின் பசை உருகி ஒட்டாமல் போகும் என்பதால், கட்டுத்துணியும் நாடாவும் கூடுதலாக இருக்கட்டும். சாதாரண ஆல்கலைன் பேட்டரியை டார்ச்சுக்குள்ளேயே விட்டால் கசிந்து கருவியைக் கெடுக்கும். தனி உறையில், டார்ச்சோடு கட்டி வையுங்கள். சீட் பக்கத்து டார்ச்சுக்கு மட்டும் வெப்பம் தாங்கும், ரீசார்ஜ் செய்யாத லித்தியம் ஏஏ பேட்டரி போட்டு உள்ளேயே விடலாம். தண்ணீர் பாட்டில்கள் பையின் வெளிப் பைகளில். உள்ளே கசிந்தால் எல்லாம் நாசம்.

படி 6: இருட்டில் சோதனை

பையை மாட்டிக்கொண்டு 1 கி.மீ. நடங்கள். தோள் வலித்தால் கனமானதை முதுகையொட்டி மேலே மாற்றுங்கள். அடுத்து இரவில் டிக்கி விளக்கை அணைத்துவிட்டு, ஒரே கையால் முதலுதவிப் பவுச்சைத் தேடி எடுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் அது இருக்கும் இடம் தவறு. அதை வெளிப் பைக்கு மாற்றி, ஜிப் நுனியில் முடிச்சுப் போட்ட ஒரு துண்டுக் கயிறு கட்டிவிடுங்கள். விரலுக்கு அது தட்டுப்படும்.