பைனல் டிரைவில் ஆயில் போய்விட்டதா? ஊற்றும் முன் அளந்து பாருங்கள்

செயினுக்குப் பதில் சுழலும் தண்டு வழியே பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஷாஃப்ட் டிரைவ் பைக்கில் செயின் இல்லை, ஸ்ப்ராக்கெட் இல்லை, அதனால் பார்க்கவும் ஒன்றுமில்லை என்ற நினைப்பு பலருக்கு உண்டு. பின்சக்கரத்தை ஒட்டி இருக்கும் பைனல் டிரைவ் பெட்டிக்குள் ஊற்றுகிற கியர் ஆயில் பெரும்பாலான பைக்குகளில் 150 முதல் 250 மில்லிதான். எஞ்சினில் 100 மில்லி குறைந்தால் வண்டிக்குத் தெரியவே தெரியாது. இங்கே 100 மில்லி போனால் ஏறக்குறைய பாதி காலி.

உள்ளே இரண்டு பல்சக்கரங்கள் செங்குத்தாகச் சந்திக்கின்றன. பற்கள் அழுத்தத்தோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுற்றும். கியர் ஆயிலில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள்தான் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாமல் காக்கின்றன. ஆயில் குறைந்தால் முதலில் சூடு ஏறும், பிறகு ஊளைச் சத்தம் வரும், பேரிங் நீலம் பாயும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் ஓடும்போதே பின்சக்கரம் இறுகி நின்றுவிடலாம்.

கசிவைப் பார்த்ததும்

ரிம்மிலோ டயரிலோ ஆயில் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். டயரில் ஆயிலோடு வளைவில் சாய்த்தால் விழுவது நிச்சயம். பெட்டியில் உடனே கை வைக்காதீர்கள், சுடும்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போகவும் கூடாது. நியூட்ரலில் போட்டாலும், கிளட்ச்சைப் பிடித்தாலும், சக்கரம் உருண்டால் பைனல் டிரைவ் பற்களும் சுற்றும். இரண்டுக்கும் நடுவே பிரித்துவிட வழி இல்லை. ஓரமாகச் சில அடி தள்ளுவதில் பிழையில்லை. அதற்குமேல் போக வேண்டுமென்றால் வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அது கியர் ஆயில்தானா?

பின்சக்கரத்தின் அருகே வழிவதெல்லாம் பைனல் டிரைவ் ஆயில் அல்ல. காகிதத்தில் ஒற்றி முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கெட்டியான கந்தக நெடி உண்டு, ஒரு முறை முகர்ந்தால் மறக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் ஆயில். கரைந்து காணாமல் போனால் பிரேக் ஆயில். அப்படியென்றால் பிரச்சினையே வேறு, பிரேக்கைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது. ஷாஃப்ட் ஸ்ப்லைனில் (தண்டு பொருந்தும் வரிப்பள்ளங்களில்) தடவியிருக்கும் கிரீஸ் அளவுக்கு அதிகமாகி வெளியே தெறித்திருந்தால் கறுப்பாக, பசைபோல் ஒட்டும். அது கசிவு அல்ல.

எங்கிருந்து வருகிறது?

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பெட்டி முழுவதையும் பிரேக் கிளீனர் தெளித்த துணியால் துடைத்து, காய்ந்ததும் முகப்பவுடர் தூவுங்கள். கையால் மட்டும் சக்கரத்தைச் சுற்றி, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். எஞ்சினை ஓட்டிச் சுற்ற வேண்டாம். ஈரமாகும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

டிரெயின் போல்ட்டைச் சுற்றி ஈரம் என்றால் பெரும்பாலும் பழைய வாஷரையே மறுபடி போட்டிருப்பார்கள். தாமிர, அலுமினிய வாஷர்கள் ஒரு முறை நசுங்கினால் அடுத்த முறை சரியாக அடைக்காது. நிரப்பும் மூடியில் ஈரம் என்றால் ஓ-ரிங் காய்ந்திருக்கும். இவை இரண்டும் வீட்டிலேயே முடிகிற வேலை.

சக்கரம் பொருந்தும் பக்கத்தில் வட்டமாக ஆயில் தெறித்திருந்தால் பெரிய சீல் போயிருக்கிறது. சீலை மாற்றும் முன் காரணத்தைப் பாருங்கள். பிரீதர் துளை சேற்றில் அடைபட்டால் உள்ளே சூடான காற்று போக வழியின்றி ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். அளவுக்கு மீறி ஊற்றினாலும் அப்படியே ஆகலாம். அடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் புது சீல் போட்டாலும் நிற்காது. இது மெக்கானிக் வேலை.

ஸ்விங் ஆர்மும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பெட்டியும் சேரும் இடத்திலுள்ள ரப்பர் உறையின் அடியில் சொட்டினால் இரண்டு வழிகள் உண்டு: பைனல் டிரைவின் முன்பக்க சீல், அல்லது கியர்பாக்ஸின் பின்பக்க சீல். கியர்பாக்ஸ் ஆயில் ஷாஃப்ட் குழாய் வழியே இறங்கி அதே இடத்தில் சொட்டும். இரண்டிலும் அளவைப் பாருங்கள். எது குறைந்திருக்கிறதோ அதுதான் குற்றவாளி.

கசிவே இல்லாமல் ஆயில் போவதும் உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ், பைனல் டிரைவ் என மூன்றுக்கும் தனித்தனி டிரெயின் போல்ட் உள்ள பைக்குகளில், புதியவர்கள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் திறந்துவிடுவார்கள். ஒன்றைக் காலி செய்துவிட்டு வேறொன்றில் இரட்டிப்பாக ஊற்றியும் வைப்பார்கள். ஆயில் மாற்றிய உடனே சத்தம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இறக்கி அளப்பது

மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். எவ்வளவு மிச்சம் இருந்தது என்று தெரிந்தால்தான் பல்சக்கரம் எவ்வளவு அடி வாங்கியிருக்கும் என்று கணிக்க முடியும்.

முதலில் நிரப்பும் மூடியைத் திறங்கள், பிறகுதான் டிரெயின் போல்ட். வரிசை மாறி, மேல் மூடி துருப்பிடித்து வராமல் போனால் காலிப் பெட்டியோடு நிற்பீர்கள். அளவுக் கோடு போட்ட பாத்திரத்தில் ஆயிலைப் பிடியுங்கள். ஆறிய ஆயில் மெதுவாகத்தான் இறங்கும், அரை மணி நேரம் விடுங்கள். 200 மில்லி பிடிக்கும் பெட்டியில் 150-க்குமேல் வந்தால் பெரிய பயமில்லை. 50 மில்லிகூட வரவில்லை, அப்படியே ஓடியும் இருக்கிறது என்றால் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதே சரி.

போல்ட் நுனியில் காந்தம் இருந்தால் அதை விரலால் தடவுங்கள். சாம்பல் நிறத்தில் மை போல் மெல்லிய பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தில் நெருடும் துகளோ, மினுங்கும் செதிலோ இருந்தால் பல் அல்லது பேரிங் உடைகிறது, ஊற்றி ஓட்டாதீர்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஊற்றுவது

பொதுவாகக் கேட்பது ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 கியர் ஆயில். கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. எஞ்சின் ஆயிலில் இந்தப் பற்களுக்குத் தேவையான சேர்மானம் போதிய அளவில் இல்லை.

புது வாஷர் போட்டு டிரெயின் போல்ட்டைக் கையாலேயே முழுவதும் திருகிய பிறகு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வையுங்கள். பெட்டி அலுமினியம்; கையேடு சொல்லும் அளவைத் தாண்டி இறுக்கினால் மரை போய்விடும். பெரிய ஊசிக் குழாயில் ரப்பர் டியூப் மாட்டி மெதுவாக ஏற்றுங்கள். சில பைக்குகளில் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். அதற்கு வண்டி நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். வேறு சிலவற்றில் துளை உயரமாக இருக்கும், மில்லி கணக்கில் மட்டுமே ஊற்ற வேண்டும். உங்கள் பைக் எந்த ரகம் என்று கையேட்டில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

டயரும் பிரேக்கும்

டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். டயருக்கு அது வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போட்டுப் பலமுறை தேய்த்துக் கழுவினால் போதும். ஆயில் குடித்த பிரேக் பேடை மாற்றிவிடுங்கள். எரித்தும் தேய்த்தும் மீட்கலாம் என்பார்கள். நம்ப வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

ஐந்து கிலோமீட்டர் மெதுவாக, வளைவில் சாய்க்காமல் ஓட்டி நிறுத்துங்கள். பெட்டி வெதுவெதுப்பாக இருக்கலாம். சில நொடிகூடக் கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே கோளாறு இருக்கிறது. போல்ட், மூடி, ரப்பர் உறையின் அடி, சக்கரப் பக்க சீல் ஆகிய நான்கு இடங்களையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டரில் மறுபடி அதையே செய்யுங்கள். 500 கிலோமீட்டரில் இந்த ஆயிலையும் இறக்கி, ஊற்றிய அளவு அப்படியே வருகிறதா, காந்தத்தில் செதில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.