அல்மதேன் பாதரச நகரத்தில் ஒரு நாளைக் கோட்டைவிடும் வழிகள்

ஸ்பெயினின் கஸ்தீயா-லா மாஞ்சா பகுதியில் இருக்கும் அல்மதேனுக்கு முதல்முறை போகிறவர்கள் அநேகமாக ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். இன்று வழி சொல்கிறவர்களும் ஒரு காலத்தில் சறுக்கிய இடங்கள்தான் அவை. தொப்பி, தண்ணீர் பாட்டில் சமாசாரங்களை விட்டுவிடுவோம். அவற்றை யாரும் மறப்பதில்லை.

ஸ்டேஷன் பெயரை நம்பி இறங்குவது

சியுதாத் ரெயாலிலிருந்து மேற்கே பதாஹோஸ் போகும் ரயில் பாதையில் 'அல்மதெனெஹோஸ்-அல்மதேன்' என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. பெயரில் அல்மதேன் இருக்கிறது, பக்கத்தில் அல்மதேன் இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல். ஐயாயிரம் பேர் அளவிலான ஊர் இது. முன்கூட்டிச் சொல்லி வைக்காமல் இறங்கினால் வாசலில் டாக்சி நிற்காது. இந்தத் தடத்தில் ரயில்களும் குறைவு, அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம் என்றும் நினைக்க முடியாது.

வெறும் அலைச்சலோடு முடிந்தால் பரவாயில்லை. பழைய பாதரசச் சுரங்கத்தைப் பார்வையாளர்களுக்குக் காட்டும் சுரங்கப் பூங்காவின் நிலத்தடிப் பகுதிக்குள் தனியாகப் போக விடமாட்டார்கள். வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில், குறித்த எண்ணிக்கையில்தான் இறக்குவார்கள். அந்த நேரம் தவறினால் அன்றைய கதை முடிந்தது. தவறவிட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? மேலே உள்ள கட்டடங்களை ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, "அல்மதேன் பார்த்தாயிற்று, பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். உலக வரலாற்றில் மனிதர் பயன்படுத்திய பாதரசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்த சுரங்கத்தின் வாசல்வரை போய்விட்டு இப்படி எழுதுவதைப் படித்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அவர்கள் தவறவிட்டது இதை: சான் தெயோதோரோ குழியில் கூண்டு லிஃப்டில் 50 மீட்டர் இறங்கினால் முதல் தளம். சுரங்கம் முழுவதும் சுமார் 700 மீட்டர் ஆழம், காட்டுவது இந்த மேல்தளத்தை மட்டும். அங்கே சான் அந்திரேஸ் சுற்றுக்கூடம் இருக்கிறது. கோவேறு கழுதைகள் செக்கு சுற்றுவதுபோல் சுற்றி, ஆழத்திலிருந்து தாதுவை மேலே இழுத்த வட்டமான அறை. கைதிகளின் சுரங்கவழியும் இந்தத் தளத்தில்தான். சிறையிலிருந்து சுரங்கத்துக்கு நேராக வெட்டியது, கைதிகள் வானத்தைப் பார்க்காமலே வேலைக்குப் போய்த் திரும்ப. மேலே சிறைக் கட்டடம் இப்போது இல்லை, அந்த இடத்தில் சுரங்கவியல் கல்லூரி நிற்கிறது. ஆக, கீழே இறங்காதவருக்குக் கைதிகளின் கதையில் பாதி கிடைக்காது.

1593ல் அரசு இங்கே இரகசிய விசாரணை ஒன்றை நடத்தியது. விசாரிக்க வந்தவர் எழுத்தாளர் மத்தேயோ அலெமான். சுரங்கம் அப்போது ஃபுக்கர் என்ற ஜெர்மானிய வங்கிக் குடும்பத்தின் குத்தகையில் இருந்தது. கைதிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். நீர் இறைக்கும் வேலையும் உலை வேலையும் ஆளை என்ன செய்தன என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சுரங்கவழியில் நிற்பது வேறு அனுபவம்.

சரியான வரிசை இதுதான். முதலில் நிலத்தடி நேரத்தைப் பதிவுசெய்யுங்கள், பிறகுதான் பயண டிக்கெட். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் சியுதாத் ரெயால் வரை சுமார் ஒரு மணி நேரம். அங்கே கார் எடுத்தால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வளைவுகளுள்ள பாதை, ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முழுச் சுற்றுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். முந்தின இரவே ஊரில் தங்கிக் காலை நேரத்தைப் பிடிப்பதுதான் உத்தமம். விளக்கம் பொதுவாக ஸ்பானிய மொழியில்தான் இருக்கும், கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள்.

திங்கட்கிழமை போவது

மூடியிருக்கும்.

மாளிகைகளைத் தேடுவது

சுரங்கச் செல்வம் கொழித்த ஊர் என்றதும் பிரபுக்களின் அரண்மனைகளை எதிர்பார்க்கிறார்கள். பணம் இங்கே தங்கியதே இல்லை. 1525 முதல் 1645 வரை ஃபுக்கர்கள், அதன்பின் அரசு, 1835ல் விற்பனை உரிமை ராத்ஸ்சைல்டு வங்கிக் குடும்பத்துக்கு. பாதரசமோ செவில்யா துறைமுகம் வழியாக அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியக் குடியேற்றங்களுக்குப் போயிற்று. அங்கே வெள்ளித் தாதுவைப் பொடித்து, உப்பும் பாதரசமும் கலந்து வெள்ளியைப் பிரித்தார்கள். பாதரசக் கப்பல் தாமதித்தால் வெள்ளியும் தாமதித்தது. அல்மதேனில் எஞ்சியவை, தாது வெட்டும் ஆட்களை உயிரோடும் கட்டுக்குள்ளும் வைத்திருக்கத் தேவைப்பட்டவை மட்டுமே: சிறை, மருத்துவமனை, 1777ல் தொடங்கிய சுரங்கவியல் கழகம், குடியிருப்புகள்.

காளைப்போர் அரங்கை வெளியே நின்று பார்ப்பது

வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்படித்த வீட்டு வரிசை, அவ்வளவுதான். பலர் அடையாளமே தெரியாமல் தாண்டிப் போகிறார்கள். உள்ளே போனால்தான் அறுகோணம் தெரியும். 1752ல் தொடங்கிய இந்தக் கட்டடம் 24 வீடுகளால் ஆனது. தொழிலாளர் குடியிருக்கவும் செய்யலாம், வருமானம் மருத்துவமனைக்கும் போகும் என்பது கணக்கு. மருத்துவமனையைப் பார்க்கும் முன் இதைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து புரியும்.

உலைகளைப் பூந்தொட்டி என்று நினைப்பது

உலை வளாகத்தில் சரிவான தளத்தின்மேல் வயிறு புடைத்த களிமண் குழாய்கள் வரிசை வரிசையாகக் கிடக்கும். அவைதான் ஆலுதேல். பெருவின் ஹுவான்காவெலிகாவில் உருவான இந்த முறையை புஸ்தமந்தே என்பவர் 1646ல் இங்கே கொண்டுவந்தார். உலையில் தாது சுடும்போது கந்தகம் எரிந்து பிரியும், பாதரசம் ஆவியாகும். ஆவி, ஒன்றின் வாயில் மற்றொன்று செருகிய குழாய்கள் வழியே போகும்போது குளிர்ந்து துளியாகும். தளம் இருபுறமிருந்தும் நடுவை நோக்கிச் சரிவதால் துளிகள் நடுவிலுள்ள வாய்க்காலில் சேரும். பூச்சு வெடித்த மூட்டு ஒவ்வொன்றிலும் ஆவி கசியும். அது பண நஷ்டம், பக்கத்தில் நிற்பவனுக்கு விஷம்.

கல் பொறுக்குவது

சிவப்பாக மின்னும் கல்லைப் பார்த்ததும் கை நீளும். அது சாதிலிங்கம், பாதரசத்தின் தாது. எடுக்க அனுமதியில்லை. எங்காவது வாங்கி வைத்திருந்தாலும் பொடிக்காதீர்கள், சூடாக்கவே கூடாது, ஆவி கிளம்பும். ஊரே அந்த ஆவியில்தான் நோயுற்றது.

செருப்புப் போட்டுப் போவது

நிலத்தடியில் ஈரம். மூடிய ஷூ வேண்டும்.

மருத்துவமனையை மதியத்துக்கு ஒத்திப்போடுவது

சான் ரஃபயேல் சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனை இப்போது அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும். ஸ்பெயினில் சாப்பாட்டு இடைவேளை நீளம், மதியம் இரண்டு மணிக்குப் போனால் கதவு சாத்தியிருக்க வாய்ப்பு அதிகம். காலையில் சுரங்கம் என்றால் இதற்கு மாலையை வையுங்கள். இங்கே பணியாற்றிய மருத்துவர் பாரேஸ் இ ஃப்ராங்கேஸ் 1778ல் சுரங்கத்து நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். பாதரசம் ஏறிய உடம்பு நிற்காமல் நடுங்கும். பாதரசத்துக்கு ஸ்பானியத்தில் 'அசோகே' என்றும் பெயர். அதிலிருந்து வந்த 'அசோகாதோ' என்ற சொல்லை, கைகால் உதறுகிறவரைக் குறிக்க இன்றும் ஸ்பானியர்கள் சொல்கிறார்கள்.