ஜாங்கோவில் இணைப்புப் பாதைகளைப் பிழையின்றி அமைக்கும் முறை

ஓர் இணைப்பு எங்கே போய்ச் சேரும் என்பதை வார்ப்புருக் கோப்பு (பக்கத்தின் அமைப்பை வரையறுக்கும் கோப்பு) இருக்கும் இடம் தீர்மானிப்பதில்லை. பயனரின் முகவரிப் பட்டையில் அப்போது இருக்கும் முகவரியை அடிப்படையாக வைத்து உலாவியே அதைக் கணக்கிடுகிறது. நிலையான கோப்புகளாலான தளத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பைத்தான் மொழியில் இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ஜாங்கோ போன்ற சட்டகத்திலோ ஒரே வார்ப்புரு பல முகவரிகளில் வெளிப்படுவதால், ஒரு பக்கத்தில் சரியாக இயங்கும் இணைப்பு மற்றொன்றில் உடைந்துபோகிறது.

கணக்கிடும் விதி 2005இல் வெளியான ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. பயனர் “/நூல்கள்/12/” என்ற பக்கத்தில் இருக்கும்போது “திருத்து” என்ற சார்புப் பாதை (சாய்கோட்டில் தொடங்காமல், இருக்கும் பக்கத்தின் முகவரியைச் சார்ந்த பாதை) “/நூல்கள்/12/திருத்து” என்று விரியும். இறுதிச் சாய்கோடு இல்லாத “/நூல்கள்/12” என்ற பக்கத்திலோ, கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள 12 நீக்கப்பட்டு, அதே இணைப்பு “/நூல்கள்/திருத்து” ஆகிவிடும். ஒரே ஒரு சாய்கோடுதான் வேறுபாடு. ஆனால் பிழையைத் தேடுபவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் அதைக் கவனிக்கிறார்கள்.

இதைத் தவிர்க்க “/நூல்கள்/12/திருத்து” என்று சாய்கோட்டில் தொடங்கும் பாதையைக் கையால் எழுதுவது வழக்கம். செயலி களப்பெயரின் வேரில், அதாவது உட்பாதை ஏதுமின்றி, இருக்கும்வரை அது போதும். அதே செயலியை “/நூலகம்/” என்ற உட்பாதைக்கு மாற்றினால், அப்படி எழுதிய ஒவ்வோர் இணைப்பும் செயலிக்கு வெளியே போய்விடும். இத்தகைய உட்பாதை முன்னொட்டைத் தனி மாறியில் வைத்துச் சரங்களை ஒட்டுவதும் நல்ல தீர்வன்று. முன்னொட்டு “/” ஆக இருக்கும்போது பாதை “//நூல்கள்” என்றாகி, உலாவி “நூல்கள்” என்பதை வேறொரு களப்பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே பாதையைக் கையால் எழுதாமல், ஒவ்வொரு வழிக்கும் பெயரிட்டு, வார்ப்புருவில் யூஆர்எல் குறிச்சொல்லையும் பைத்தான் நிரலில் ரிவர்ஸ் செயற்கூற்றையும் பயன்படுத்துங்கள்; அவை அந்தப் பெயரிலிருந்து பாதையை உருவாக்கித் தரும். உட்பாதைக்கு மாறும்போது, முன்னொட்டை நீக்கிக் கோரிக்கையை அனுப்புமாறு செயலிக்கு முன்னிற்கும் வழங்கியை அமைத்து, ஜாங்கோ அமைப்புகளில் ஃபோர்ஸ் ஸ்கிரிப்ட் நேம் என்பதற்கு “/நூலகம்” என்று மதிப்பிட்டால், வார்ப்புருவில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. படங்களுக்கும் நடைதாள்களுக்கும் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்புகள்) ஸ்டாடிக் குறிச்சொல் உண்டு, ஜாங்கோ 3.1 முதல், ஸ்டாடிக் யூஆர்எல் என்ற அமைப்பின் மதிப்பைத் தொடக்கச் சாய்கோடின்றி எழுதினால் அதற்கும் இந்த முன்னொட்டு தானாகச் சேரும்.

மின்னஞ்சலில் அனுப்பும் இணைப்புக்கு மட்டும் களப்பெயருடன் கூடிய முழு முகவரி கட்டாயம், ஏனெனில் அங்கே அடிப்படை முகவரி என்று ஒன்றில்லை. கோரிக்கைப் பொருளின் பில்ட் அப்சல்யூட் யூஆர்ஐ அதை உருவாக்கித் தரும். அது கோரிக்கையின் ஹோஸ்ட் தலைப்பிலிருந்தே களப்பெயரை எடுக்கிறது; அந்தத் தலைப்பைக் கோரிக்கையை அனுப்புபவர் போலியாகவும் எழுதலாம். ஆகவே ஏற்கத்தக்க களப்பெயர்களைக் குறிக்கும் அலௌடு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் நட்சத்திரக் குறியிட்டு எல்லாப் பெயர்களையும் அனுமதித்தால், கடவுச்சொல் மீட்பு மடலில் தாக்குபவரின் முகவரி இடம்பெறும் ஆபத்து உண்டு.

சார்புப் பாதை பொருத்தமாக அமையும் இடமும் ஒன்று உண்டு. நடைதாளுக்குள் குறிப்பிடும் படத்தின் பாதை, பக்கத்தின் முகவரியைச் சாராமல் நடைதாளின் முகவரியையே சார்ந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து எங்கே நகர்த்தினாலும் அது உடைவதில்லை.

வெளியிடுமுன் செயலியை ஓர் உட்பாதையில் இயக்கிப் பாருங்கள். பிழைத்திருத்த நிலையை அணைத்துவிட்டு, இல்லாத முகவரி ஒன்றை நான்கைந்து அடுக்கு ஆழத்தில் தட்டச்சு செய்யுங்கள். “பக்கம் இல்லை” என்று காட்டும் உங்கள் 404 பக்கம் நடைதாளின்றி வெறுமையாகத் தோன்றினால், அதன் வார்ப்புருவில் சார்புப் பாதை ஒன்று இன்னும் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு.